மலை ஜில்லாவின் வரவு செலவும் ஜனங்களின் கடமையும்

பொதுப் பணத்துக்குக் கணக்குக் கேட்பது நம் நாட்டில் நேற்றுத் தோன்றிய வழக்கமன்று. இந்தியச் செலவினங்களை விசாரித்த வெல்பி கமிஷன் முன்னிலையில் 1897ஆம் வருஷம் கோகலேயும், நமது ஜி. சுப்பிரமணிய ஐயரும் சாட்சியம் அளித்தனர். 1902இல் கோகலே செய்த முதல் பட்ஜெட் பிரசங்கம், உபரியென்று சர்க்கார் பெருமை பாராட்டிய தொகை, ஜனங்கள்மீது அளவுக்கு மிஞ்சி விதித்த வரியின் பலனே என்பதைச் சர்க்காரின் எண்களைக் கொண்டே நிரூபித்தது. அக்காலத்தில் கோடை பிறந்ததும் சென்னை சர்க்கார் பரிவாரங்களுடன் உதகமண்டலத்துக்கு ஏறிச் செல்வதும், அச்செலவைத் தேசியவாதிகள் கண்டிப்பதும் வழக்கமாயிருந்தன. வரி கொடுத்தவன் சமவெளியில் வாட, வரிப்பணம் மலைமேல் செலவாயிற்று.

அந்நிய ஆட்சி 1947இல் ஒழிந்தது. கணக்குப் புஸ்தகம் ஜனங்களின் கைக்கு வந்துவிட்டதா என்பதே கேள்வி.

சட்டத்தில் குறையொன்றும் அதிகமில்லை. தகவல் உரிமைக்கு இந்திய மாகாணங்களில் முதன்முதலாக 1997இல் சட்டம் இயற்றியது தமிழ்நாடே. 2005ஆம் வருஷத்து மத்தியச் சட்டம், ஒவ்வொரு அலுவலகமும் தன் பட்ஜெட்டையும் செலவு விவரத்தையும் ஒருவரும் கேளாமலே வெளியிட வேண்டும் என்று விதிக்கிறது. 1994ஆம் வருஷத்து ஊராட்சிச் சட்டப்படி கிராம சபை கூடி வரவு செலவைப் பரிசீலிக்கலாம். ஆயினும், சபையில் வேகமாக வாசிக்கப்படும் எண்களைக் கேட்டுவிட்டுக் கையெழுத்திட்டுத் திரும்புவதே பல ஊர்களில் நடைமுறை. படிக்கத் தெரியாதவன் கையில் கொடுத்த பத்திரம் பூட்டிய பெட்டிக்குச் சமானம்.

நீலகிரியில் இக்குறை மிகவும் கொடியது. சர்க்காரே மிக நலிந்தவர்களென அங்கீகரித்த தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆகிய ஆறு சமூகத்தாரும் இந்த ஜில்லாவில் வசிக்கின்றனர். அவர்கள் பெயரால் பணம் ஒதுக்கப்படுகிறது. ஒதுக்கிய தொகை எவ்வளவு, வீடாக வந்தது எவ்வளவு என்பதை அவர்களுடைய பாஷையில் எடுத்துச் சொல்வார் அரியர். 2009 நவம்பர் பெருமழையில் இம்மலையில் மண் சரிந்து 40 பேருக்கு மேல் மாண்டனர். இங்கே ஒரு தடுப்புச் சுவரின் அஸ்திவாரம் எத்தனை அடி ஆழம் என்பது உயிரைப் பற்றிய கேள்வி. மேலும், 2025 ஜனவரியில் ஊராட்சி உறுப்பினர்களின் பதவிக்காலம் முடிந்து நிர்வாகம் தனி அலுவலர்களிடம் சென்றது. பிரதிநிதி இல்லாத காலத்தில் கணக்குக் கேட்கும் பொறுப்பு முழுவதும் ஜனங்களையே சாரும்.

ஆகையால் பொதுநலச் சங்கங்களுக்குக் கணக்குப் பயிற்சி அளிப்பது அவசியம் என்பது நமது அபிப்பிராயம். இதற்கு வழிகாட்டிகள் உண்டு. ராஜஸ்தானத்தில் 1994 டிசம்பரில், மஜ்தூர் கிசான் சக்தி சங்கடன், கூலிப் பட்டியல்களையும் பில்களையும் ஊர் நடுவே உரக்க வாசித்தது. பொய்க் கணக்கு ஊராராலேயே வெளிப்பட்டது. குஜராத்தில் ‘திஷா’ என்னும் ஸ்தாபனம் மாகாண பட்ஜெட்டைப் பிரித்துப் படித்து, ஆதிவாசிகளுக்கு ஒதுக்கிய தொகைகளைச் சட்டசபை அங்கத்தினர்களுக்கும் கிராமத்தாருக்கும் எளிய பாஷையில் தெரிவித்தது.

நீலகிரியிலும் மாதர் சுய உதவிக் குழுக்கள், தோட்டத் தொழிற்சங்கங்கள், சிறு தேயிலை விவசாயிகளின் சங்கங்கள், ஆதிவாசி சங்கங்கள் ஆகியவற்றினின்று ஊருக்கு நால்வரைத் தேர்ந்து பயிற்றலாம். மதிப்பீட்டுக்கும் செலவுக்கும் உள்ள பேதம், வேலை உத்தரவு, அளவுப் புஸ்தகம், பில் இவற்றை வாசிக்கும் முறை, பின்னர் நாடா பிடித்துச் சுவரையும் சாலையையும் அளந்து பார்த்தல், பத்து ரூபாய்க் கட்டணத்தில் மனு எழுதுதல் ஆகியவை போதும். கூடலூர், நெல்லியாளம் போன்ற நகராட்சிகளிலும் ஓவேலி, தேவர்சோலை போன்ற பேரூராட்சிகளிலும் கிராம சபை இல்லாமையால், 2022இல் விதிகள் வகுக்கப்பட்ட பகுதி சபைகளைப் பயன்படுத்தவும் கற்பிக்க வேண்டும்.

மற்றொன்றையும் சர்க்கார் கவனிக்க வேண்டும். கிராம சபைக்கு நெடுங்காலமாகக் குறித்த ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகியவை விடுமுறை நாட்கள். பின்னர் சேர்க்கப்பட்ட மார்ச்சு 22, நவம்பர் 1 அவ்வாறல்ல. கொழுந்து பறிப்பவள் ஒரு நாள் கூலியை இழந்துதான் கணக்குக் கேட்க வரவேண்டுமா?

பாமரர்க்குக் கணக்கு விளங்காதென்பர் சிலர். பறித்த கொழுந்தின் எடையிலும் கூலியிலும் பிசகு நேர்ந்தால் உடனே கண்டுகொள்ளும் தொழிலாளிக்கு, சுவரின் நீளம் விளங்காமற் போகாது. சங்கங்களே தரகர்களாய் மாறிவிடும் என்னும் அச்சத்தில் நியாயம் உண்டு. அதற்குப் பரிகாரம், பயிற்சி பெறும் ஒவ்வொரு சங்கமும் தன் வரவு செலவை முதலில் ஊர்ப் பலகையில் எழுதி வைப்பதே.

கோகலேக்குக் கிடைத்தது சட்டசபையில் ஓர் ஆசனம். நமக்கோ ஒவ்வொரு ஊரிலும் ஒரு சபை இருக்கிறது. அடுத்த சபைக்குச் செல்வோர் ஒரே ஒரு வேலையின் கணக்கையேனும் கேட்டு வாங்கி, அளந்து பார்த்துத் திரும்புவார்களாக.