ஈஸ்ட்டை ஆராய்வது வீண் வேலையா?

"ஈஸ்ட்டை ஆராய்ந்து என்ன ஆகப் போகிறது?" என்று கேட்பவர்கள் உண்டு. நோயாளிகள் எத்தனையோ பேர் தவிக்கும்போது, ரொட்டி மாவைப் பொங்க வைக்கும் ஒரு பூஞ்சைக்குப் பணம் செலவழிப்பதா என்பது அவர்கள் வாதம். கேட்கும்போது நியாயமாகத்தான் தோன்றும். நடந்த கதையைப் பாருங்கள்!

ஈஸ்ட் ஒரே ஓர் உயிரணுதான். ஆனால் அதற்குள் ஒரு தொழிற்சாலையே நடக்கிறது! அங்கே தயாராகும் புரதங்களில் பல, வெளியே போக வேண்டியவை. மெல்லிய சவ்வுகள் அவற்றை வழி மறிக்கின்றன. சவ்வில் பதிந்துள்ள சில புரதங்களே வழி திறந்து விடுகின்றன.

'செக் 61' என்ற புரதம் ஒரு கதவு. அதன் வழியாகப் புதுப் புரதம் உள்ளறைக்குள் நுழைகிறது. அதைச் சுமந்து செல்லும் சின்னஞ்சிறு பைகள் உருவாக 'செக் 12' தொடக்கம் செய்கிறது. பை அடுத்த இடத்தை அடைந்ததும், பையிலுள்ள புரதமும் அங்குள்ள சவ்வின் புரதமும் கைகோத்துக் கொள்கின்றன. பை சவ்வோடு கலக்கிறது. சரக்கு இறங்குகிறது!

இந்த வழியை ஈஸ்ட்டில் துருவிப் பார்த்தவர் அமெரிக்க விஞ்ஞானி ராண்டி ஷெக்மன். பெர்க்லியிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில், மாணவர் பீட்டர் நோவிக்குடன் அவர் வேலை செய்தார். சூடு ஏறினால் பழுதாகும் ஈஸ்ட்டுகளைத் தேடினார்கள். 37 டிகிரி சூட்டில் அவற்றின் போக்குவரத்து நின்றது. சிலவற்றில் பைகள் மலைபோல் தேங்கின! எந்த மரபணு கெட்டால் எங்கே தடை என்று தெரிந்தது. 1979-ல் முதல் முடிவு வெளியாயிற்று. 1980-ல் 23 மரபணுக்கள் கணக்கில் வந்தன.

இந்த ஆராய்ச்சிக்கு அவர் முதலில் அரசாங்கப் பண உதவி கேட்டபோது, மறுப்பே கிடைத்தது!

பிறகு என்ன ஆயிற்று? மனித உயிரணுவிலும் ஏறக்குறைய இதே ஏற்பாடுதான் என்று தெரிந்தது. நம் கணையத்திலிருந்து இன்சுலின் வெளிவருவதும் இவ்விதமே. ஈஸ்ட்டின் இந்த வழியைக் கொண்டே இன்று இன்சுலின் தயாரித்து, நீரிழிவு நோயாளிகளுக்குக் கொடுக்கிறார்கள். ஷெக்மனுக்கு, ஜேம்ஸ் ரோத்மன், தாமஸ் சூடாஃப் ஆகியோருடன் 2013-ல் நோபல் பரிசு கிடைத்தது.

நோய்க்கு நேரடியாக மருந்து தேட வேண்டியதுதான். அதற்குப் பணம் குறையக் கூடாது. ஆனால் உடல் எப்படி வேலை செய்கிறது என்று தெரியாமல் மருந்து தேடுவது, இருட்டில் ஊசி தேடுவது போலத்தான். "பயனைக் காட்டு, பிறகு பணம் தருகிறேன்" என்று எல்லோரும் சொல்லியிருந்தால் அந்த 23 மரபணுக்களை யார் தேடியிருப்பார்கள்? ஆராய்ச்சிப் பணத்தைப் பங்கிடுபவர்கள், இத்தகைய சிறு உயிர்களின் ஆராய்ச்சிக்கும் ஒரு பங்கை ஒதுக்கி வைப்பதே நியாயம்.