கீழ் டிவிஷனை வட்டத்துக்கு வட்டம் நடத்துங்கள்: எங்கள் நிலைப்பாடு

உத்திரமேரூர் வட்டாரத்துக் கிராமக் கால்பந்து அணிகள் கூடிப் பேசி எடுத்த முடிவு இது. மாவட்டக் கால்பந்தின் கீழ் டிவிஷன் ஆட்டங்களை அந்தந்த வட்டத்திலேயே நடத்த வேண்டும். நடத்தும் சங்கத்தில் ஆடுகிற அணிகளுக்கே ஓட்டு இருக்க வேண்டும்.

காஞ்சிபுரம் இங்கிருந்து சுமார் 30 கிலோமீட்டர். ஒருமுறை காலை ஆட்டத்துக்கு எங்கள் பையன்கள் ஆறு பேர் ஷேர் ஆட்டோவில் போய் இறங்கினார்கள். மற்றவர்கள் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தார்கள். விதிப்படி ஏழு பேர் இருந்தால் ஆட்டத்தைத் தொடங்கலாம். அந்த ஏழாவது ஆள் வருவதற்குள் எதிரணிக்கு வாக்கோவர் கொடுத்தாகிவிட்டது. அவனுடைய பூட்ஸ் மட்டும் ஆட்டோவிலேயே வந்திருந்தது!

2019இல் செங்கல்பட்டு பிரிந்தபின் காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருப்பது 5 வட்டங்கள். வட்டத்துக்கு ஒரு லீக், ஜெயித்த அணிகளுக்கு மட்டும் காஞ்சிபுரத்தில் ஆட்டம் என்றால் போதும். நார்வேயில் நான்காம் டிவிஷன் முதல் கீழே உள்ளதெல்லாம் மாவட்டச் சங்கங்களின் பொறுப்பு. நாங்கள் இன்னும் ஒரு படி இறங்கி வரச் சொல்கிறோம். அட்டவணையைத் தை மாதத்துக்குப் பிறகு போடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் எங்கள் மைதானங்களில் தவளைதான் ஆடும்.

சங்கத் தேர்தல் விஷயத்தில் விட்டுக்கொடுப்பதாக இல்லை; தேர்தல் கெட்டால் அடி விழுவது ஆடுகிறவர்களுக்குத்தான். இந்தியக் கால்பந்துச் சம்மேளனத்தின் தேர்தல் தள்ளிப்போய், விவகாரம் நீதிமன்றம் ஏறி, 2022 ஆகஸ்ட்டில் ஃபிஃபா அதை இடைநீக்கம் செய்தது. ஆசியப் போட்டிக்காகத் தாஷ்கண்ட் போய் இறங்கிவிட்ட கோகுலம் கேரளா பெண்கள் அணி ஆடாமலே திரும்பியது.

எங்கள் ஊர்க் கல்வெட்டில் (முதலாம் பராந்தகன் காலம், கி.பி. 921) ஊர்ச் சபை வாரியங்களுக்குக் குடத்தில் பெயர்ச் சீட்டுப் போட்டு ஆள் எடுப்பதற்கு இரண்டு விதிகள் உண்டு. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் பெயரும், அவருடைய நெருங்கிய உறவினர் பெயரும் குடத்தில் விழக்கூடாது. வாரியத்தில் இருந்தவர் அடுத்த மூன்று ஆண்டு ஒதுங்கியிருக்க வேண்டும். இந்த இரண்டையும் சங்க விதியில் சேர்க்கக் கோருகிறோம். நிலம் உள்ளவரே நிற்கலாம் என்ற விதி அதே கல்வெட்டில்தான் இருக்கிறது; அது சுவரிலேயே இருக்கட்டும். பெண்கள் அணிகளுக்கும் சமமான ஓட்டு வேண்டும்.

கணக்கை மற்றவரிடம் கேட்குமுன் எங்களுடையதைக் காட்டுகிறோம். கோடைச் செவன்ஸ் போட்டியின் நுழைவுக் கட்டணம், ரெஃப்ரி படி, பந்து, சுண்ணாம்புச் செலவு எல்லாம் மைதானத்தை ஒட்டிய டீக்கடைச் சுவரில் ஒட்டியிருக்கிறது.