சொட்டுதானே என்கிறார்கள்

மருந்துக்கடையில் போய் "மூக்கடைப்பு, ஏதாவது கொடுப்பா" என்று கேளுங்கள். அரை நிமிஷத்தில் பத்து மில்லி பாட்டில் ஒன்று கைக்கு வந்துவிடும். எத்தனை நாள் போடலாம் என்று கடைக்காரர் சொல்லமாட்டார். நாமும் கேட்கமாட்டோம். இதைப் பற்றி இன்று கொஞ்சம் கோபமாகவே எழுதுகிறேன்.

அந்தப் பாட்டிலில் இருப்பது பெரும்பாலும் சைலோமெட்டசோலின், இல்லாவிட்டால் ஆக்ஸிமெட்டசோலின். ஜலதோஷத்தில் மூக்கு அடைப்பது சளியால் மட்டும் அல்ல. மூக்கின் உள்சவ்வில் உள்ள ரத்தக் குழாய்கள் விரிந்து, சவ்வே வீங்கிவிடுகிறது. இந்த மருந்து அந்தக் குழாய்களைச் சுருக்குகிறது. சில நிமிஷத்தில் ஜன்னலைத் திறந்த மாதிரி காற்று போகும். நல்ல மருந்துதான், மறுக்கவில்லை. ஆனால் மூன்று நாளைக்கு, மிஞ்சினால் ஐந்து நாளைக்கு. அதற்கு மேல் போனால் கதை மாறுகிறது. மருந்தின் வேகம் இறங்கியதும் சவ்வு மறுபடி வீங்குகிறது, சில சமயம் முன்னைவிட மோசமாக. இப்போது அடைப்புக்குக் காரணம் ஜலதோஷம் இல்லை, மருந்து. நாம் என்ன செய்கிறோம்? இன்னும் இரண்டு சொட்டு விடுகிறோம். டாக்டர்கள் இதற்கு ரைனைட்டிஸ் மெடிக்கமென்டோசா என்று பெயரே வைத்திருக்கிறார்கள்.

எங்கள் காலை நடைக் கோஷ்டியில் ஒருவர் ஏழு வருஷமாக இதைப் போடுகிறார். தலையணைக்குக் கீழே ஒன்று, சட்டைப் பையில் ஒன்று, ஸ்கூட்டர் பெட்டியில் ஒன்று. வெளியூர்க் கல்யாணத்துக்குப் போனால் முதலில் தேடுவது மண்டபத்தை அல்ல, மருந்துக்கடையை. அதைச் சொல்லிச் சிரிப்போம். சிரிக்க முடியாத விஷயம் பின்னால்தான் தெரிந்தது. இந்த ஏழு வருஷத்தில் அவருடைய பிரஷர் மாத்திரையை இரண்டு தடவை கூட்டியிருக்கிறார்கள். என்னென்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று ஒவ்வொரு முறையும் டாக்டர் கேட்டிருக்கிறார். இவர் மாத்திரைகளை மட்டும் வரிசையாக ஒப்பித்திருக்கிறார். "அது சொட்டுதானே சார், அதைப் போய் என்னத்தைச் சொல்றது?" என்கிறார்.

ரத்தக் குழாயைச் சுருக்கும் மருந்து மூக்கோடு நின்றுவிடும் என்று யார் சொன்னது? கொஞ்சமாவது உடம்பில் கலக்கும். அதனால்தான் ரத்த அழுத்தம், இதய நோய், தைராய்டு, ப்ராஸ்டேட் வீக்கம், கிளாக்கோமா உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் இதைத் தொடக்கூடாது என்கிறார்கள். நம் வயதில் இந்தப் பட்டியலில் எதிலும் இல்லாதவர்கள் கையைத் தூக்குங்கள், பார்ப்போம்!

"எல்லாம் அட்டையிலேயே போட்டிருக்கே" என்பார்கள். போட்டிருந்தாலும் இங்கிலீஷில், எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்தில். பூதக்கண்ணாடி வைத்துப் படிக்கும் அளவுக்குப் பொறுமை உள்ளவனுக்கு மூக்கடைப்பே வந்திருக்காது. 2022-ல் மத்திய சுகாதார அமைச்சகம் டாக்டர் சீட்டு இல்லாமலே விற்கலாம் என்று 16 மருந்துகளின் வரைவுப் பட்டியல் ஒன்றை வெளியிட்டது. சைலோமெட்டசோலினும் அதில் உண்டு. கூடவே ஒரு நிபந்தனை: 5 நாளுக்கு மேல் போகக்கூடாது, சரியாகாவிட்டால் டாக்டரிடம் போகவேண்டும். காகிதத்தில் அழகாக இருக்கிறது. கவுன்ட்டரில் அதை வாய் திறந்து சொல்லப்போவது யார்?

இதைவிட எரிச்சலூட்டும் விஷயம் ஒன்று உண்டு. அலர்ஜிக்காக டாக்டர் எழுதிக் கொடுக்கும் ஸ்டீராய்டு ஸ்ப்ரே வேறு ஜாதி. அவர் சொன்னபடி அதை மாதக்கணக்கில்கூடப் போடலாம். ஆனால் ஸ்டீராய்டு என்ற பேரைக் கேட்டதுமே பயந்து, நான்கே நாளில் அதைத் தூக்கிப் போட்டுவிடுகிறோம். நிறுத்த வேண்டிய இதை மட்டும் பயமில்லாமல் வருஷக்கணக்கில் விடுகிறோம். அந்த ஸ்டீராய்டு ஸ்ப்ரேயை வைத்துத்தான் டாக்டர்கள் பலரை இந்தப் பழக்கத்திலிருந்து மீட்கவே செய்கிறார்கள். முதலில் ஒரு பக்க மூக்கில் நிறுத்துவது, அது தேறியதும் அடுத்த பக்கம் என்று ஒரு வழியும் உண்டு. உப்புத் தண்ணீர்ச் சொட்டு துணைக்கு இருக்கும். முதல் சில ராத்திரிகள் தூக்கம் வராது, அவ்வளவுதான்.

பேரன் பேத்தி வந்து போகும் வீடென்றால் இன்னொன்று. இந்த வகைச் சொட்டுகளை 5 வயதுக்குட்பட்ட குழந்தை ஒன்றிரண்டு மில்லி விழுங்கினாலே மயக்கம், மூச்சுக் குறைவு, இதயத் துடிப்பு குறைவு என்று ஆஸ்பத்திரியில் சேர்க்கும்படி ஆகலாம் என்று அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. 2012-லேயே எச்சரித்தது. தலையணைக்குக் கீழே, சட்டைப் பையில் என்று நாம் வைக்கும் இடமெல்லாம் அவர்கள் கைக்கு எட்டுகிற இடம்.

கடைக்காரர்களிடம் நான் கேட்பது ஒன்றே ஒன்று. "பெரியவரே, அஞ்சு நாளைக்கு மேல வேண்டாம், பிரஷர் இருக்கா?" என்று ஒரு வார்த்தை. கூட்டம் அதிகம், நேரமில்லை என்றால், மாத்திரைக் கவரில் காலை, இரவு என்று பேனாவால் எழுதித் தருகிறீர்களே, அதே பேனாவால் பாட்டில் அட்டை மேல் '5 நாள்' என்று எழுதிக் கொடுங்கள்.