மேசைமேல் ஒரு வாட்டர்லூ

போர் என்றதும் நம் விடைத்தாளில் இடம்பெறுவன காரணங்கள் ஐந்து, விளைவுகள் ஆறு. இடையில் போர் நடந்ததே ஒரு நிலம், அது எங்கே போயிற்று?

1815 ஜூன் 18 அன்று வாட்டர்லூவில் வெலிங்டன் தம் படையின் பெரும்பகுதியை மேட்டின் பின்சரிவில் மறைத்து நிறுத்தினார். இதை எழுதி நான் மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். ஆனால் அதன் பொருள் விளங்கியது சென்ற விடுமுறையில்தான். மேசைமேல் ஒரு மேடு கட்டி, நெப்போலியனின் பீரங்கி நின்ற பக்கம் கன்னத்தை மேசையில் வைத்துப் பார்த்தேன். அப்புறத்தில் நான் அடுக்கிய ஆட்களில் ஒருவரும் தெரியவில்லை!

“இந்த வயதில் பொம்மை விளையாட்டா?” என்றார் அம்மா. பிரஷ்ய மன்னர் மூன்றாம் பிரடெரிக் வில்லியமுக்கு 1812இல் ரைஸ்விட்ஸ் என்பவர் அளித்ததும் இத்தகைய மேசைதான். நிலத்துண்டுகளை மாற்றி மாற்றி அடுக்கலாம். அவர் மகன் 1824இல் அதை வரைபடத்தின்மேல் ஆடும் பயிற்சியாகத் திருத்த, பிரஷ்ய அதிகாரிகள் அதில் போர் பயின்றனர். அம்மாவிடம் இதைச் சொன்னேன். “மாவை யார் எடுத்தது?” என்பதே பதிலாக வந்தது.

மாவு எடுத்தது உண்மை. வாட்டர்லூவின் ஹூகுமோன் பண்ணைத் தோட்டத்துக்குச் செங்கல் மதில் உண்டு; அதில் துப்பாக்கித் துளையிட்டு ஆங்கிலேயர் தரப்பினர் காத்தனர். அம்மதிலுக்கு ஒரே மாதிரியான துண்டுகள் பல வேண்டும். ஒன்றை மட்டும் செய்தேன்: மரச்சட்டத்தில் அட்டையைச் செங்கல்லாக நறுக்கி ஒட்டி, வார்னிஷ் பூசினேன். ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் சிலிக்கோன் பசையில், வினிகர் வாடை அடிக்கும் வகையை வாங்கிக்கொள்ள வேண்டும். தனியாகத் தடிமனாக வைத்தால் மேலே தோல் கட்டி, உள்ளே நாள்கணக்கில் ஈரமாகவே கிடக்கும். ஏறக்குறைய சம அளவு மக்காச்சோள மாவு சேர்த்துச் சப்பாத்தி மாவுபோல் பிசைந்தால் உள்ளும் புறமும் ஒருங்கே இறுகும். பிசைவது மொட்டைமாடியில் நடக்கட்டும். வாடை தலையைச் சுற்ற வைக்கும். அதை மதில்மேல் அழுத்தி, இறுகியபின் உரித்தால் அச்சு தயார். பிறகு பிளாஸ்டர் ஆஃப் பாரிஸைக் கரைத்து ஊற்றி, குமிழி வெளியேறத் தட்டிவிட வேண்டியதுதான். ரப்பர்போல் வளைவதால் வார்ப்பு உடையாமல் வெளிவரும்.

முதல் முறை வாசலின் தடவ மறந்தேன். இரண்டு நாள் உழைத்த மதில் அச்சோடு பிய்ந்து வந்தது. அழவில்லை என்று சொன்னால் அது பொய்.

கடையில் விற்கும் மாதிரியையே அச்செடுத்தால் என்ன என்று கேட்டான் ஒரு நண்பன். எனக்கு உடன்பாடில்லை. அது பிறர் உழைப்பைத் திருடுவது. மேலும், மதிலின் உயரம் ஆள் தோளுக்கா தலைக்கா என்று நான் தேடிப் படித்தது அசலைச் செய்ய உட்கார்ந்ததால்தான். படி எடுப்பவனுக்கு அந்தக் கேள்வியே எழாது.

வரலாற்று மாணவர் ஆண்டுதோறும் தாளில் தேய்த்து வரையும் போர்க்களப் படங்களில் ஒன்றையேனும் இப்படிச் செய்ய விடுங்கள் என்று நம் துறை ஆசிரியப் பெருமக்களை வேண்டுகிறேன். ஒரு குழாய்ப் பசை, ஒரு பொட்டலம் மாவு, இவ்வளவே செலவு. என் அச்சைத் துறைக்கே தந்துவிடுகிறேன். பிரெஞ்சு வீரர் உடைத்து நுழைந்த ஹூகுமோனின் வடக்கு வாயிற்கதவு மட்டும் இன்னும் செய்யப்படவில்லை. அடுத்த ஆண்டு வருகிறவர் யாரேனும் செய்யட்டும். வாசலினை மறக்க வேண்டாம்.