காணி உறுதியை அடகு வைத்துப் படிக்கவேண்டிய படிப்பா?



மாசி மாதத்தில் ஒருநாள் பின்னேரம் எங்கள் அலுவலகத்துக்கு ஒரு தாய் வந்தார். மன்னார் தீவின் கரையோரக் கிராமம் ஒன்றில் இருப்பவர். ஊரைச் சொல்ல வேண்டாம் என்று கேட்டிருக்கிறார், அதனால் சொல்லவில்லை. பிறந்த இடம் பெருநிலப் பக்கம். 2007இல் வீட்டை விட்டு எழும்பியவர், 2009இல் முள்ளிவாய்க்கால் வரை போய், வவுனியா மெனிக் பாம் முகாமில் இருந்து, அதற்குப் பிறகுதான் இந்தக் கரைக்கு வந்து சேர்ந்தார். கணவர் வரவில்லை. கருவாடு போட்டும், மற்றவர்களுடைய வலையில் மீன் கழற்றியும் இரண்டு பிள்ளைகளை வளர்த்திருக்கிறார்.

கையில் ஒரு பொலித்தீன் பை. அதற்குள் சீதனமாக வந்த வளவின் உறுதி.

"பிள்ளை, இதை வைச்சால் எவ்வளவு எடுக்கலாம்?" என்று கேட்டார்.

"என்னத்துக்கு அக்கா?" என்றேன்.

"மகளைப் படிப்பிக்க. அமெரிக்காவிலயாம். அஞ்சு வருசத்தில ரெண்டு பட்டமாம். டொக்டருக்குச் சமம் எண்டு சொல்லுறாங்கள்."

மகள் இந்த முறை உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருக்கிறாள். கனடாவில் இருக்கிற தாய்மாமன் ஆசைப்பட்டு வட்ஸ்அப்பில் அனுப்பிய தகவல் அது. பேச்சு மொழி நோயியல் என்ற துறையில் இளமாணிப் பட்டத்தையும் முதுமாணிப் பட்டத்தையும் சேர்த்து ஐந்து வருடத்தில் முடிக்கும் துரிதப் பாடநெறி. மாமன் அதோடு விட்டுவிட்டார். பிறகு கொழும்பில் ஒரு முகவர் வந்து ஒட்டிக்கொண்டார். இடம் பிடித்து வைக்க முற்பணம் கட்டவேண்டும் என்று அவர் கேட்டபோதுதான் உறுதி பெட்டியை விட்டு வெளியே வந்திருக்கிறது.

அந்தப் பெண்பிள்ளை ஏன் இந்தப் படிப்பைக் கேட்கிறாள் என்று விசாரித்தேன். தம்பிக்காக. அவன் 2008 ஐப்பசியில், இடம்பெயர்ந்து இருந்த கொட்டிலில் பிறந்தவன். காது சரியாகக் கேட்காது. ஷெல் சத்தத்தில் போனது என்று தாய் சொல்கிறார். பிறவியிலேயே இருந்ததா, சத்தத்தால் வந்ததா என்று இனிப் பிரித்துச் சொல்ல முடியாது என்று வைத்தியர் சொல்லியிருக்கிறார். காது கேட்கும் கருவி கிடைத்தபோது அவனுக்கு ஏழு வயது. அதுவரைக்கும் அவன் சொல்வதை விளங்கிக்கொண்டது அக்கா ஒருத்திதான். கடையில், பள்ளிக்கூடத்தில், கோயிலில் அவனுடைய வாயாக நின்றது அவள். அவனைப் பேச்சுச் சிகிச்சைக்கு வெளிமாவட்டம் ஒன்றுக்குக் கொண்டு போயிருக்கிறார்கள். சிகிச்சையாளர் நல்ல மனுசி, பொறுமையாகப் பார்த்தவர். ஆனால் தமிழ் தெரியாது. ஊழியர் ஒருவர் மொழிபெயர்க்க, பத்து வயதுப் பெண்பிள்ளை தம்பி சொன்னதை ஊழியருக்குச் சொல்ல, மூன்று கை மாறி ஒரு சொல் போய்ச் சேர்ந்திருக்கிறது. இரண்டு முறை போனார்கள். பஸ் காசுக்கு வழியில்லாமல் நின்றுவிட்டது.

பேச்சுச் சிகிச்சை என்றால் திக்குவாய்க்கு மட்டும் என்று எங்களில் பலர் நினைக்கிறோம். காது கேளாத பிள்ளை, அண்ணம் பிளந்து பிறந்த பிள்ளை, வயது வந்தும் சொல் வராத பிள்ளை எல்லோரும் அங்கே போகவேண்டியவர்கள். பாரிசவாதம் வந்து, மனதில் இருக்கிற சொல் வாயில் வராமல் தவிக்கிற பெரியவர்களும், தலையில் சன்னமோ ஷெல் துண்டோ பட்டுப் பேச்சுக் குழம்பியவர்களும்தான். விழுங்கும்போது புரைக்கேறுகிறவர்களைப் பார்ப்பதும் இந்தச் சிகிச்சையாளரின் வேலையே. இப்படிப்பட்ட ஒருவராவது இல்லாத தெரு எங்கள் கிராமங்களில் இருக்கிறதா என்று யோசித்துப் பாருங்கள். ஒரு விடயத்தை இடையில் சொல்லிவிடுகிறேன். இரண்டு வயதாகியும் பிள்ளை இரண்டு சொல்லைச் சேர்த்துச் சொல்லவில்லை என்றால், "தகப்பனும் சுணங்கித்தான் கதைச்சவர்" என்று இருந்துவிடாதீர்கள். முதலில் காதைப் பரிசோதியுங்கள்.

சரி, அந்த ஐந்து வருடக் கணக்குக்கு வருவோம். பாடநெறி பொய்யில்லை. அமெரிக்காவில் இந்தத் தொழிலுக்கு முதுமாணிப் பட்டம் வேண்டும். வழக்கமாக இளமாணிக்கு நான்கு வருடம், முதுமாணிக்கு இரண்டு வருடம், மொத்தம் ஆறு. துரிதப் பாதையில் இளமாணியின் கடைசி வருடத்திலேயே முதுமாணியின் பாடங்களைத் தொடங்கி, அவற்றை இரண்டு பட்டத்துக்கும் கணக்கில் எடுப்பார்கள். ஒரு வருடம் மிச்சம். ஆனால் முதலாம் வருடத்தில் சேர்ந்தவர்கள் எல்லோரும் அந்தப் பாதையில் போய்விட முடியாது. குறித்த அளவு புள்ளிகளைத் தொடர்ந்து எடுத்துக்கொண்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் பழைய ஆறு வருடப் பாதைதான். முகவர் இதைச் சொல்லவில்லை.

அதில் குறைக்கவே முடியாத பகுதி ஒன்றும் உண்டு. சிகிச்சைப் பயிற்சி 400 மணித்தியாலம். 25 மணித்தியாலம் பக்கத்தில் இருந்து பார்ப்பது, 375 மணித்தியாலம் நோயாளியோடு தானே இருந்து செய்வது. பாடநெறி ஐந்து வருடமானாலும் ஆறு வருடமானாலும் அந்த 400 அப்படியே நிற்கும். பட்டம் எடுத்த பிறகு, தொழில் சங்கத்தின் தகுதிச் சான்றிதழுக்கு ஒரு தேசியப் பரீட்சை, மேற்பார்வையின் கீழ் 36 வாரம் முழுநேர வேலை. அந்தந்த மாநிலத்தின் அனுமதிப்பத்திரம் இதற்கு மேல் தனி. ஐந்து வருடம் என்பது வகுப்பு முடிகிற கணக்கு. தொழில் தொடங்குகிற கணக்கு வேறு.

நான் துரிதப் பாதைக்கு எதிரானவள் அல்ல. எங்கள் பிள்ளைகளின் வருடங்களை யுத்தம் எடுத்துக்கொண்டது. இடம்பெயர்வில் ஒரு வருடம், முகாமில் ஒரு வருடம் என்று பள்ளிக்கூடம் இல்லாமல் போனவர்கள் எத்தனை பேர்! இருபது, இருபத்தொரு வயதில் உயர்தரம் எழுதுகிற பெண்பிள்ளையிடம் "இன்னும் ஆறு வருடம்" என்றால், வீட்டில் கலியாணப் பேச்சுத் தொடங்கிவிடும். ஒரு வருடம் குறைவது எங்களுக்குச் சின்ன விடயம் இல்லை.

ஆனால் அந்தத் தாயிடம் நான் ஒன்றைக் கேட்டேன். "அக்கா, பிள்ளை எங்க வேலை செய்யப் போறாள்?" "இங்கதான், வேற எங்க?" என்றார். அப்படியானால் முழுக் கணக்கும் மாறிவிடுகிறது. முதுமாணி கட்டாயம் என்பது அமெரிக்காவிலும் கனடாவிலும் உள்ள விதி. பிரித்தானியாவில் அங்கீகரிக்கப்பட்ட இளமாணிப் பட்டத்தோடு தொழில் செய்யலாம். இலங்கையிலும் இளமாணிப் பட்டம் போதும். நான்கு வருடம். அவர்கள் சுருக்கிச் சுருக்கி ஐந்துக்குக் கொண்டுவந்த பாதையைவிட எங்கள் நாட்டின் சாதாரணப் பாதை ஒரு வருடம் குறைவு. இதற்கு எதற்கு வளவை அடகு வைப்பது?

இந்தப் படிப்பு இருப்பது களனிப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ பீடத்தில். பீடம் அமைந்திருப்பது ராகமையில். 1997இல் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் உதவியோடு டிப்ளோமாவாகத் தொடங்கியது. 2008இல் பேச்சு, கேட்டல் விஞ்ஞானத்தில் நான்கு வருடச் சிறப்புப் பட்டமாகியது. அந்த இரண்டு வருடங்களும் எங்களுக்கு என்ன வருடங்கள் என்று உங்களுக்குத் தெரியும். 2008இல் அங்கே பட்டப்படிப்புத் தொடங்கியபோது அடம்பன், மாந்தை மேற்குச் சனங்கள் உழவு இயந்திரங்களில் சாமான் ஏற்றிக்கொண்டு கிழக்கே போய்க்கொண்டிருந்தார்கள். உயிலங்குளம் சாவடி மூடியிருந்தது. ராகமையில் இப்படி ஒரு படிப்பு வந்திருக்கிறது என்று யார் எங்களுக்குச் சொல்லியிருக்கப் போகிறார்கள்? எங்கள் பக்கத்தில் தமிழ் பேசும் சிகிச்சையாளரைத் தேடி அலைவதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என்னுடைய எண்ணம். வவுனியா, யாழ்ப்பாணம், மலையகம் என்று எங்கே கேட்டாலும் இதே கதைதான்.

மொழி என்றால் மொழிபெயர்ப்போடு முடிகிற விடயம் அல்ல. எங்கள் ஊரில் 'வாழைப்பழம்' என்பதை 'வாளைப்பளம்' என்றுதான் சொல்வோம். பெரியவர்களே ழகரத்தைப் பிரித்துச் சொல்வதில்லை. இந்தப் பேச்சு தெரியாத ஒருவர், ஏட்டில் உள்ள உச்சரிப்பை வைத்துப் பரிசோதித்தால், நல்ல பிள்ளைக்கும் குறை எழுதிவிடுவார். சென்னையில் இருந்து வருகிறவர்கூட முதல் கிழமை குழம்புவார். மறுபக்கம், உண்மையான குறையை "ஊர்ப் பேச்சு" என்று விட்டுவிடவும் கூடும். கடற்கரைப் பிள்ளை என்ன சொல்லைக் கேட்டு வளர்கிறது என்று தெரிந்தவர் அந்தக் கதிரையில் இருக்கவேண்டும். அமெரிக்காவில் 400 மணித்தியாலமும் ஆங்கிலம் பேசும் நோயாளிகளோடு இருந்துவிட்டு வந்தால், பேசாலையிலோ வங்காலையிலோ மீண்டும் அரிச்சுவடியில் இருந்துதான் தொடங்கவேண்டும்.

ராகமையிலும் விரிவுரைகள் ஆங்கிலத்தில்தான். சிகிச்சைப் பயிற்சியில் வருகிற நோயாளிகளில் பெரும்பாலானோர் சிங்களம் பேசுகிறவர்கள். இதை மறைக்கக்கூடாது. எங்கள் பிள்ளைகளுக்கு முதல் வருடம் கஷ்டமாகத்தான் இருக்கும். ஆனால் அரச பல்கலைக்கழகத்தில் கற்கைக் கட்டணம் இல்லை. வசதி குறைந்த பிள்ளைகளுக்கு மகாபொல புலமைப்பரிசிலோ பர்சரியோ உண்டு. தலைமன்னார் புகையிரதப் பாதை 1990இல் அழிந்து, 2015 பங்குனியில் மீண்டும் துறைவரைக்கும் திறக்கப்பட்டது. கொழும்புக்குப் போகும் அந்தப் பாதை ராகமையைத் தாண்டித்தான் போகிறது.

அனுமதிக்கு இசட் புள்ளி முக்கியம். எந்தெந்தப் பாடங்கள், என்னென்ன சித்திகள் வேண்டும் என்பது பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஒவ்வொரு வருடமும் வெளியிடும் கைநூலில் இருக்கும். போன வருடத்து அக்காமாரிடம் கேட்டு எழுதாமல், அந்த வருடத்துக் கைநூலைப் பாருங்கள். கல்வியில் பின்தங்கியவை என்று ஒதுக்கீடு பெறும் மாவட்டங்களில் மன்னாரும் ஒன்று. அது இந்தப் பாடநெறிக்கு எப்படிப் பொருந்தும் என்பதையும் அதிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். விண்ணப்பத்தில் எத்தனையாவது விருப்பமாகப் போடுவது என்பதைப் பிள்ளையின் உயர்தர ஆசிரியரோடு இருந்து கதையுங்கள். மருத்துவத்தை மட்டும் முதலில் எழுதி, மிச்சத்தைக் கண்ணை மூடி நிரப்புகிற பழக்கம் எங்களிடம் இருக்கிறது.

இந்தியாவில் அகதியாக இருந்து திரும்பியவர்கள் அங்கே படிப்பிக்கலாமா என்றும் கேட்கிறார்கள். அங்கே மூன்று வருடப் படிப்பும் ஒரு வருடப் பயிற்சியுமாக நான்கு வருடம், முதுமாணிக்கு மேலும் இரண்டு. மைசூரில் உள்ள அகில இந்தியப் பேச்சு மற்றும் கேட்டல் நிறுவனம் 1960களில் இருந்து இயங்குகிறது. சென்னையிலும் இந்தப் படிப்பு உண்டு, தமிழ் நோயாளிகளோடு பழகவும் கிடைக்கும். ஆனால் கட்டணம் உங்கள் கையில் இருந்து. இலங்கையில் வேலை செய்ய அந்தப் பட்டத்துக்கு இங்கே பதிவு கிடைக்குமா என்று, காசு கட்டுவதற்கு முன்னரே இலங்கை மருத்துவ சபையில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அமெரிக்கப் பட்டத்துக்கும் இதே கேள்விதான். அந்த முகவரிடம் இதைக் கேட்டுப் பார்க்கும்படி தாயிடம் சொன்னேன். கேட்டிருக்கிறார். "அதெல்லாம் பிறகு பார்க்கலாம்" என்றாராம். துரிதப் பாதையில் இருந்து பிள்ளை தவறினால் கட்டிய காசு என்ன ஆகும் என்றும் கேட்டாராம். தொலைபேசி துண்டிக்கப்பட்டுவிட்டது.

புள்ளி போதாமல் போனால்? தாய் கேட்ட கடைசிக் கேள்வி அது. திறந்த பல்கலைக்கழகத்தில் விசேட தேவைக் கல்வி படிக்கலாம், அது வேலை செய்துகொண்டே படிக்கக்கூடியது. அப்படிப் படித்தவர் பேச்சுச் சிகிச்சையாளர் ஆகமாட்டார், ஆனால் தம்பியைப் போன்ற பிள்ளைகள் இருக்கிற வகுப்பில் நிற்கலாம். இன்னொரு முறை பரீட்சை எழுதுவதும் வெட்கமில்லை. மாமன் உண்மையாகவே உதவ நினைத்தால், நான்கு வருடம் ராகமையில் தங்கும் செலவுக்கு மாதாமாதம் அனுப்பட்டும். அவருக்கு அது வட்ஸ்அப் செய்தி அனுப்புவதைவிடக் கொஞ்சம்தான் கூடிய வேலை.

போன கிழமை அந்த வீட்டுக்குப் போனேன். முடிவு இன்னும் வரவில்லை. பிள்ளை ஒரு கொப்பி காட்டினாள். தம்பி எந்தச் சொல்லை எப்படிச் சொல்கிறான் என்று எழுதி வைத்திருக்கிறாள். எல்லாம் மீனின் பெயர், அவன் வாடியில் வேலை செய்வதால். சூடையை 'ஊடை' என்கிறான், சாளையை 'ஆளை' என்கிறான். பாரையும் கணவாயும் சரியாக வருகின்றன. சகர ஓசை மெல்லிய கீச்சு ஓசை. அந்த வகை ஓசைகள் காதில் விழாத பிள்ளைக்கு அப்படி ஒரு ஓசை இருப்பதே தெரியாது. அதை யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. "சூனா வாற எல்லாச் சொல்லும் தலையில்லாமல் வருது மிஸ், ஏன்?" என்று அவள் என்னைத்தான் கேட்டாள். சமூகவியல் படித்த எனக்கு என்ன தெரியும்! விசாரித்துத்தான் சொன்னேன்.

உறுதி திரும்பவும் பெட்டிக்குள் இருக்கிறது. திறப்பு தாயின் இடுப்பில்.