ஒரே பீடம்! இரண்டு கூடம்!

கோயில் கட்டுவோர் கோபுரத்தின் உயரத்தைப் பற்றிக் கவலைப்படுவர். மணியோசை எவ்வளவு தொலைவு கேட்கும் என்று கணக்கிடுவர். ஆனால், பக்தன் ஒருவன் பக்கத்துப் பக்தனின் முகத்தைப் பார்த்துவிடக் கூடாதே என்று கவலைப்பட்டுக் கோயில் கட்டிய கதையைக் கேட்டதுண்டா, தோழர்களே? கற்பனையல்ல, கட்டுக்கதையல்ல, கல்லும் சுண்ணாம்பும் சாட்சி சொல்லும் வரலாறு!

நெல்லை மாவட்டத்தின் தென்கோடியில், குமரி எல்லைக்கு அருகே உள்ள சிற்றூர் வடக்கன்குளம். அங்கே ஏசு சபைப் பாதிரிமார் வளர்த்த பழமையான கத்தோலிக்கச் சபை ஒன்று உண்டு. அந்தச் சபைக்கு 1872ஆம் ஆண்டில் புதிய கோயில் எழுந்தது. எப்படிப்பட்ட கோயில்? பீடம் ஒன்று, அதிலிருந்து கவட்டைக் கிளைபோல் விரிந்த கூடங்கள் இரண்டு! ஒரு கூடத்தில் பிள்ளைமாரும் முதலிமாரும். மறு கூடத்தில் நாடாரும் பிறரும். பீடத்தில் நிற்கும் பாதிரியாருக்கு இரு சாராரும் தெரிவர். இரு சாராருக்கும் பாதிரியார் தெரிவார். ஆனால், ஒருவர் கண்ணுக்கு மற்றவர் தெரியமாட்டார்!

எல்லோரும் ஒரே தந்தையின் மக்கள் என்பது அங்கே நடந்த உபதேசம். மக்களில் மேலோர் இப்பக்கம், கீழோர் அப்பக்கம் என்பது அங்கே நின்ற கட்டடம். உபதேசம் காற்றில் கரைந்தது; கட்டடம் நிலைத்து நின்றது! எதை நம்பியிருப்பான் ஏழை எளியவன்? காதில் விழுந்ததையா, கண்முன் நின்றதையா?

இந்தக் கேடு ஒரே நாளில் முளைத்ததன்று. 1606இல் மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நொபிலி, மேற்சாதியாரை ஈர்க்கக் காவியுடை தரித்தார். பூணூலும் குடுமியும் மதமாற்றத்திற்குத் தடையாக வேண்டாம் என்று வாதிட்டார். 1623இல் ரோமாபுரியும் அதற்கு இசைவளித்தது. பின்னர், மேற்சாதியாருக்கு ஒருவகைக் குரு, மற்றவருக்குப் 'பண்டாரசாமி' என்னும் வேறுவகைக் குரு என்ற ஏற்பாடும் வந்தது. ஆன்மாவைப் பிடிக்க வீசிய வலையில், ஆன்மாவோடு சாதியும் சேர்ந்து வந்தது. வந்ததை வெளியே எறிந்தார்களா? விருந்தாளியாக வரவேற்று, வீட்டுக்காரனாகவே ஆக்கிவிட்டார்கள்!

இன்னுமொரு வேதனை கேளுங்கள். திருவிதாங்கூர் அரண்மனை அலுவலராக இருந்த நீலகண்ட பிள்ளை, 1745இல் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனது இதே வடக்கன்குளத்தில்தான். சாதி பாராமல் எல்லோரோடும் கலந்து பழகினார் என்று போற்றப்படுகிறவர் அவர். 1752இல் ஆரல்வாய்மொழிக்கு அருகே சுட்டுக் கொல்லப்பட்டார். அந்த மனிதர் தலையில் நீர் வார்த்த ஊரில்தான், ஒன்றேகால் நூற்றாண்டு கழித்து, தலைக்குத் தலை சாதி பார்த்துப் பிரிக்கும் கோயில் எழுந்தது!

சரி, நடுவே நின்ற சுவர் எப்படி வீழ்ந்தது? செபத்தால் கரைந்ததா? சங்கீதம் கேட்டுச் சரிந்ததா? இல்லை. 1910இல் கௌசானல் பாதிரியார் அதை இடிக்கச் செய்தார். கடப்பாரை பேசியது, சுவர் சாய்ந்தது! துணிந்த அந்தக் கரத்தைப் பாராட்டத் தயங்கோம். கட்டியவர்களும் அவர் சபையாரே என்பதையும் மறவோம்.

உடனே மேற்சாதிக் கிறித்தவர்கள் என்ன செய்தார்கள்? நீதிமன்றத்தின் கதவைத் தட்டினார்கள்! சிலுவையை வணங்கும் அவர்கள், சுவர் தங்கள் உரிமை என்று வழக்காடினார்கள். காட்டிய ஆதாரம் விவிலியமா? அன்று, வழக்கம்! நெடுநாள் வழக்கம்! சென்னை உயர் நீதிமன்றம் வரை சென்ற அந்த வழக்கு தோற்றது. சபைக்குள் சாதிக்கெனத் தனியிடம் கேட்கும் உரிமையை நீதிமன்றம் ஏற்கவில்லை.

இது பழங்கதை, இப்போது எதற்கு என்று கேட்போர் உண்டு. பழங்கதையா? 2003இல் போப்பாண்டவர் இரண்டாம் ஜான் பால், தமிழ்நாட்டு ஆயர்களை நோக்கிச் சாதி வேற்றுமையைக் கண்டித்துப் பேச நேர்ந்தது ஏன்? 2008 மார்ச்சில், அன்றைய விழுப்புரம் மாவட்டத்து எறையூரில் நடந்தது என்ன? பொதுக் கோயிலில் சமத்துவம் காணாத தாழ்த்தப்பட்ட கிறித்தவர்கள், தங்களுக்கெனத் தனிப்பங்கு கேட்டனர். வன்னியக் கிறித்தவர்களோடு மோதல் மூண்டது; போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இருவர் மாண்டனர். செபமாலை உருட்டிய ஊரில் குண்டு பாய்ந்தது! திருச்சியிலோ, கல்லறைத் தோட்டத்திலேயே குறுக்குச் சுவர்! உயிரோடிருந்தபோது ஒட்டாத உடல், மண்ணான பிறகுமா ஒட்டிவிடும் என்று அச்சம்?

தேவசகாயத்துக்கு 2022இல் புனிதர் பட்டம் தந்தபோது, பெயரின் வாலில் ஒட்டியிருந்த 'பிள்ளை'யை நீக்க வேண்டியிருந்தது. கிறித்தவர்கள் சிலரே எதிர்த்து எழுதினர், ரோமாபுரி நீக்கியது. நல்லது! ஆனால், விண்ணுலகம் சென்றவரின் வால் அறுந்தால் போதுமா? மண்ணுலகில் நடமாடுவோரின் வால்கள் அறுபடுவது எப்போது?

"கோயிலுக்கே போகாத உங்களுக்குக் கோயில் சுவரைப் பற்றி ஏன் கவலை?" என்று சிலர் கேட்பர். நாம் கவலைப்படுவது கோயிலுக்காக அன்று. சுவருக்கு அப்பால் ஒதுக்கப்பட்ட மனிதனுக்காக! சாமியை மாற்றினான், பெயரை மாற்றினான், சாதியை மட்டும் அவன் தலையிலிருந்து இறக்க விடவில்லை. ஊரையும் சேரியையும் பிரிக்கும் கோடு எதுவோ, அதுவே கோயிலுக்குள்ளும் நுழைந்து, கல்லறையிலும் போய்ப் படுத்துக்கொண்டது.

இளைஞர்களே! வடக்கன்குளம் நமக்குத் தரும் பாடம் ஒன்றுண்டு. வழக்கம் என்ற சொல்லே சுவரின் அடித்தளம். அதைக் கேள்வி கேட்டால் சுவர் ஆடும். தானாக வீழ்ந்த சுவர் இல்லை. கேட்க ஆளிருந்தால் வீழாத சுவரும் இல்லை. உங்கள் ஊர்க் கோயிலில், கல்லறையில், தேர் செல்லும் தெருவில் கோடு எங்கே கிழிக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். யார் கிழித்தது, எந்த உரிமையில் என்று கேளுங்கள். கடப்பாரைக்கு முன்னால் எழ வேண்டியது கேள்வி! அது எழட்டும்!