ஆளில்லாக் கப்பல், ஆளில்லாக் கதை

விண்கப்பலில் இனி மனிதன் அநாவசியம் என்று நண்பர் ஒருவர் தீர்ப்பு எழுதிவிட்டார். கவிஞர், ஆகவே தீர்ப்புகள் சீக்கிரம் வந்துவிடுகின்றன. அவர் வீட்டு மாடியில் பையன்கள் ‘டிராவலர்’ ஆடுகிறார்கள். 1977இல் அமெரிக்காவில் வெளியான ஆட்டம். மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாகி, ஓட்டுநர், எஞ்ஜினியர், வைத்தியர் என்று விண்கப்பல் ஒன்றை வாயாலேயே ஓட்டுவது. இந்த உத்தியோகங்களெல்லாம் பாய்மரக் காலத்து மிச்சங்கள், கப்பலே யோசிக்கும்போது சிப்பந்தி எதற்கு என்கிறார். விஞ்ஞானக் கதைக்கும் இதையே விதியாக்குகிறார்.

பொறியியலாக இது சரி. 2023 ஆகஸ்ட் 23 மாலை சந்திரயான்-3 இறங்கியபோது, கடைசி 19 நிமிஷம் போல விக்ரம் தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொண்டது. பெங்களூரில் இருந்தவர்கள் பார்வையாளர்கள்தாம். ஆனால் நாம் பார்த்தது எதை? 2019 செப்டம்பர் 7 அதிகாலையில், முந்தைய விக்ரம் தரையை நெருங்கும் தறுவாயில் மௌனமானபோது, நான் பார்த்துக்கொண்டிருந்தது திரையில் நகர்ந்த புள்ளியை அல்ல. அதைப் பார்த்துக்கொண்டிருந்த முகங்களை. நொறுங்கிய இயந்திரத்துக்கு ஒரு நஷ்டமும் இல்லை. சிப்பந்திகள் ஒழிந்துபோகவில்லை, கரையில் நின்றார்கள்.

இஸ்ரோ 2020 ஜனவரியில் வியோம்மித்ராவைக் காட்டியது. ககன்யானின் ஆளில்லாச் சோதனைப் பயணத்துக்கான பதுமை. கால் கிடையாது; முகம் உண்டு, பெண் முகம். அளவெடுக்க முகம் எதற்கு? காலி ஆசனத்தை எஞ்ஜினியர்களாலேயே சகிக்க முடியவில்லை. கவிஞருக்கு முடிகிறது.

ஜீனோவைச் சொல்வார். ‘என் இனிய இயந்திரா’வில் எல்லோரும் நேசித்தது அந்த இயந்திர நாயைத்தானே என்பார். நிலாவை எடுத்துவிட்டு ஜீனோவைத் தனியே ஓடவிட்டுப் பார்க்கட்டும். (சுஜாதாவைச் சாட்சிக்கு அழைத்ததில் இப்பத்திரிகை வாசகர்களுக்கு வருத்தமிருக்கும். எனக்கும்தான்.)

கிளிஞ்சல்மேட்டிலிருந்து விசைப்படகு ஓட்டுகிறவர் ஒருவர் நகைக்கடனுக்காக எங்கள் கிளைக்கு வருவார். படகில் ஜி.பி.எஸ். இருக்கிறதே, பிறகென்ன பயம் என்று ஒருநாள் கேட்டுவைத்தேன். “பொட்டி வழி காட்டும் சார். திரும்பி வரணும்னு அதுக்கு என்ன இருக்கு?” என்றார்.

எனக்கும் இது பழகிய விஷயம். வாசலிலுள்ள பணம் தரும் மெஷின் கார்டை விழுங்கிவிட்டால் மெஷினை யாரும் திட்டுவதில்லை. கதவைத் தள்ளிக்கொண்டு என் கவுன்ட்டருக்குத்தான் வருகிறார்கள். நண்பரின் கப்பல் தவறான கிரகத்தில் இறங்கிவிட்டால் யாரிடம் போவது? அந்த ஆளை எழுதுங்கள் என்கிறேன். கப்பலில் இடமில்லையென்றால் கரையிலாவது.